கேளாமல் வகுத்த நாளை

குமரி மாவட்டக் கிள்ளியூர் வட்டத்தின் கீழ்மிடாலம், மிடாலம், இனயம்புத்தன்துறை, ஏழுதேசம், கொல்லங்கோடு ஊர்களில் 1,144 ஹெக்டேர் பரப்பில் கனிம மணல் அள்ள மத்திய அரசின் ஐ.ஆர்.இ.எல். நிறுவனம் திட்டமிட்டது. அதற்கான பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் 2024 அக்டோபர் 1 அன்று பத்மநாபபுரம் சார் ஆட்சியர் அலுவலகத்தில் நடப்பதாக இருந்தது. எதிர்ப்பு வலுத்ததும் அது தள்ளிவைக்கப்பட்டது. அடுத்த ஆண்டு செப்டம்பரில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் அணுக் கனிமச் சுரங்கங்களுக்குக் கருத்துக்கேட்பே வேண்டாம் என விலக்களித்தது. அதைத் திரும்பப் பெறுமாறு தமிழக முதல்வர் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். மணல் அள்ளுவதில் லாபமா நட்டமா என்பது பிறகு பேசவேண்டியது. ஒரு கரையின் நாளையை அங்கே வாழ்பவர்களைக் கேளாமல் வகுக்கலாமா என்பதே முதற்கேள்வி. வகுக்கலாகாது. சட்டத்தில் அதற்கு இடம் உண்டாக்கிவிட்டாலும் அறத்தில் இடமில்லை.

அந்த மணலைப் பார்ப்பவர்கள் அதில் ஒரே எதிர்காலத்தைக் காண்பதில்லை. திருவிதாங்கூரிலிருந்து போன தேங்காய்நார்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் இருப்பதை 1909-இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் கண்டறிந்தார். பிறகுதான் மணவாளக்குறிச்சியில் மணல் ஆலை எழுந்தது. அன்று மோனசைட்டில் உள்ள தோரியத்துக்கு விதிக்கப்பட்டிருந்த எதிர்காலம் எரிவாயு விளக்கின் மேண்டில். மின்விளக்கு பரவியதும் அந்த எதிர்காலம் அணைந்துபோனது. பின்னர் ஹோமி பாபா மூன்று கட்ட அணுமின் திட்டத்தை வகுத்தபோது அதே தோரியம் நாட்டின் நெடுங்கால ஆற்றலாகக் கனவு காணப்பட்டது. அவர் கண்ட மூன்றாம் கட்ட உலைகள் இன்றுவரை வணிக அளவில் வரவில்லை. கரையில் நிற்பவர்களின் கணக்கு வேறு. கரமடி வலை இழுப்பவர்கள் இரண்டு வரிசையாகக் கயிற்றைப் பிடித்து, குதிகாலை மணலில் புதைத்துப் பின்னோக்கி நகர்வார்கள். கால் ஊன்ற அகலமான மணல் இல்லையென்றால் அந்த மடி கரையேறாது. கட்டுமரம் ஏற்றவும் வலை விரிக்கவும் மீன் உலர்த்தவும் அதே மணல்தான் வேண்டும். 2004 டிசம்பர் 26 சுனாமியில் குளச்சலும் கொட்டில்பாடும் பட்டதைக் கண்ட மக்களுக்கு மணல்மேடு என்பது கடலுக்கும் வீட்டுக்கும் நடுவே நிற்கும் மதில். அதே கரையில் பனங்கொட்டை ஊன்றியவன் நுங்கு வெட்டப் பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்க வேண்டும்; பலருக்கு அது பேரன் கையில்தான் கிடைக்கும். அப்படி ஊன்றிப் பழகியவர்களைத் தொலைநோக்கு இல்லாதவர்கள் என்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை.

கேட்டுச் செய்வது மேல்நாட்டிலிருந்து இறக்குமதியான ஜனநாயகச் சடங்கு என்று கருதுவோர் நம் நூல்களைத் திறந்து பார்க்கட்டும். வள்ளுவர் ‘தெரிந்து செயல்வகை’ என ஓர் அதிகாரம் வகுத்தார். எண்ணிப் பார்க்காமல் தொடங்கிவிட்டுப் பிறகு எண்ணுவோம் என்பது இழுக்கு என்று அங்கே சொன்னார். குறைகேட்க எளியனாய் இல்லாத மன்னன் தானே கெடுவான் என்று ‘செங்கோன்மை’யில் எச்சரித்தார். சிலப்பதிகாரத்துப் பாண்டியன் கொடியவன் அல்லன். விசாரிக்காமல் தீர்ப்புச் சொன்னது ஒன்றே அவன் செய்த பிழை, அதற்கே உயிரை விட்டான். மனுநீதிச் சோழனின் ஆராய்ச்சி மணியைப் பசு அடித்தபோதும் அரண்மனை கேட்டது. குமரி மாவட்டம் தன் மண்ணின் மைந்தராகக் கொண்டாடுபவர் அதங்கோட்டாசான். தொல்காப்பியம் என்ற பேரிலக்கணமே பாண்டியன் அவையில் அவர் கேட்டு, ஆராய்ந்து, ஐயம் தெளிந்த பிறகுதான் அரங்கேறியது. எழுத்துக்கும் சொல்லுக்கும் அத்தனை விசாரணை தேவைப்பட்ட நாட்டில், ஊர்களின் வருங்காலத்துக்கு ஒரு கூட்டமும் வேண்டாம் என்பது எந்த நூலின் அறம்?

நாட்டுக்கு அணுக் கனிமமும் அரிய மண் தனிமங்களும் தேவை. 2025-இல் சீனா அரிய மண் தனிமங்களின் ஏற்றுமதியை இறுக்கியதும் உண்மை. அந்தத் தேவையை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் தோரியம் பாதியாகக் குறையவே ஏறத்தாழ 1,400 கோடி ஆண்டுகள் ஆகும். அவ்வளவு காலம் காத்திருக்கவல்ல ஒரு பொருளுக்காக, ஒரு நாள் கூட்டத்துக்குக்கூட நேரமில்லை என்பது நம்பும்படியாக இல்லை. மோனசைட்டைப் பிரித்து எடுத்துவிட்டு மிச்ச மணலைத் திரும்ப நிரப்பினால் இயற்கைக் கதிரியக்கம் குறைந்து மக்களுக்கு நன்மையே விளையும் என்று நிறுவனத் தரப்பு வாதிடுகிறது. அது உண்மையானால் மக்கள் முன் வந்து, அளவுகளைக் காட்டி, புற்றுநோய் பற்றி அங்குள்ள தாய்மார் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்வதில் என்ன தடை? மீனவர்களுக்கு இந்த நுட்பமெல்லாம் புரியாது என்பது மற்றொரு வாதம். 2017 ஒக்கிப் புயலின்போது ஆழ்கடலில் இருந்தவர்களுக்கு எச்சரிக்கை உரிய நேரத்தில் போய்ச்சேரவில்லை. அறிந்தவர்கள் அறியாதவர்களுக்குச் சொல்லாமல் விட்டால் என்ன நேரும் என்பதை அந்தக் கரை அன்றே பார்த்துவிட்டது. புரியாதவர்களுக்குப் புரியவைப்பது அறிந்தவர்களின் கடமை. அந்தக் கடமையைத் தவறியவர்கள், புரியவில்லை என்பதையே காரணமாக்கிக் கருத்துச் சொல்லும் உரிமையைப் பறிப்பது இரண்டாவது தவறு.

இனிப் பிறக்கப்போகிறவர்கள் எந்தக் கூட்டத்துக்கும் வரமுடியாது. அவர்களுக்காகப் பேச இன்று இருப்பவர்கள் அவர்களைப் பெறப்போகும் ஊரார் மட்டுமே. அவர்கள் வாயையும் அடைத்தால் வருங்காலத்துக்கு அவையில் ஆளே இல்லை. எனவே விலக்களித்த அந்த உத்தரவை மத்திய அரசு திரும்பப் பெறட்டும். தள்ளிவைத்த கூட்டம் சார் ஆட்சியர் அலுவலக அறைக்குள் அடங்காமல் கிள்ளியூர் வட்டத்துக் கரையிலேயே, திட்ட அறிக்கை முழுவதும் தமிழில் முன்கூட்டியே ஊருக்கு ஊர் கொடுக்கப்பட்டு, வள்ளங்கள் கடலுக்குப் போகாத ஒரு ஞாயிற்றுக்கிழமையில் நடக்கட்டும்.