கதவுக்கு வெளியே நிற்பது

ராயபுரம் கல்மண்டபத்துத் தெருக்களில் பிள்ளைக்குச் சோறூட்டும் தாய்மார் பூச்சாண்டியைக் கூப்பிடாத நாளில்லை. அவனுக்கு எத்தனை கை, பல் எப்படி இருக்கும் என்று எவரும் சொல்வதில்லை. பிள்ளையும் கேட்பதில்லை. "தோ வர்றான் பாரு" என்று இருட்டின் பக்கம் ஒரு விரல் நீண்டால் போதும், மீதியைப் பிள்ளையே பார்த்துக்கொள்ளும்.

கலிங்கத்துப்பரணியில் செயங்கொண்டார் பேய்களை உறுப்பு உறுப்பாகக் காட்டுகிறார். காலும் கையும் வாயும் வயிறும் கண்முன் நிற்கின்றன. போர்க்களத்தில் அவை கூழ் அட்டுக் குடிக்கும்போது நமக்குச் சிரிப்பு வருகிறது, அவற்றின் பசியை நினைத்து இரக்கமும் வருகிறது. அவர் விரும்பியதும் அதுதான். முழுதாகப் பார்த்துவிட்ட பேய் நமக்குப் பழகிவிடும். 1943-ல் 'காஞ்சனை' எழுதிய புதுமைப்பித்தன் எதிர்த்திசையில் போனார். வீட்டுக்கு வந்து வேலைக்கு அமர்ந்த அந்தப் பெண் பேயா, கதை சொல்கிறவரின் மனக்கலக்கமா என்று அவர் தீர்த்துவைக்கவில்லை. இன்றும் அந்தக் கதையை இரவில் படித்தவர்கள் விளக்கை அணைக்கத் தயங்குகிறார்கள்.

ஆனால் எழுதுகிறவர் சொல்லாமல் விட்ட அந்த இடைவெளியில் அச்சம் மட்டும்தான் நிறைகிறதா?

டபிள்யூ. டபிள்யூ. ஜேக்கப்ஸ் 1863-ல் லண்டன் துறைமுகத்தை ஒட்டிய வாப்பிங்கில் பிறந்தவர். அப்பா அங்கே ஒரு சரக்குத்துறையின் மேலாளர். ஜேக்கப்ஸ் 1902-ல் வெளியிட்ட 'குரங்கின் பாதம்' கதையை, துறைமுகத்தை ஒட்டி வாழும் ராயபுரத்துக்காரர்கள் தங்கள் கதையாகவே வாசிக்கலாம். இந்தியாவிலிருந்து ஒரு படைவீரர் கொண்டுவந்த, வரம் தரும் உலர்ந்த குரங்குப் பாதம் அது. வயதான தகப்பன் அதனிடம் 200 பவுண்டு கேட்கிறார். பணம் வருகிறது, ஆலை இயந்திரத்தில் சிக்கி இறந்த மகனுக்கான நஷ்டஈடாக. பிள்ளையைத் திருப்பிக் கேள் என்று தாய் மன்றாடுகிறாள். அந்த வரத்தையும் கேட்டாகிறது. பிறகு இரவில் கதவைத் தட்டும் சத்தம்.

தாய் தாழ்ப்பாளைத் திறக்க ஓடுகிறாள். அவளுக்கு வெளியே நிற்பவன் பிள்ளை. தகப்பனோ அந்த உடலைப் பார்த்தவர். உடையை வைத்துத்தான் மகன் என்று அறிய முடிந்தது அவரால். அவர் காதில் விழும் தட்டல் வேறு. தேடி எடுத்த பாதத்திடம் கடைசி வரத்தைக் கேட்கிறார். சத்தம் நிற்கிறது. கதவு திறந்தபோது தெருவில் யாருமில்லை.

ஒரே தட்டலை இரண்டு பேர் கேட்கிறார்கள். ஒருத்தி கதவை நோக்கி ஓடுகிறாள், ஒருவர் கதவு திறந்துவிடக் கூடாதே என்று தரையில் தவழ்ந்து தேடுகிறார். இருவரையும் அப்படி ஆக்கியது ஒரே பிள்ளைமேல் வைத்த பாசம். அந்தப் பாசம் இல்லாத ஒருவருக்கு அது வெறும் சத்தம். எழுந்து போய்த் திறந்துவிட்டு வருவார். பேய்க்கதையில் நாம் நடுங்குவது இழக்க முடியாத ஒருவர் நமக்கு இருப்பதால்தான் என்று இந்தக் கதையைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றும்.

அந்த ஒருவர் யார் என்பது எழுதுகிறவருக்குத் தெரியாது. காசிமேட்டிலிருந்து விசைப்படகில் போன அண்ணனாக இருக்கலாம். எண்ணூரிலோ திருவொற்றியூரிலோ இராப்பணிக்குப் போன கணவனாக இருக்கலாம். புயல் எச்சரிக்கை வந்த இரவில் இந்தப் பக்கத்து வீடுகளில் கதவு தட்டப்பட்டால் திறக்கப் போகும் கால்கள் எப்படி நடக்கும் என்பதை வாப்பிங்கில் பிறந்த ஒருவர் எழுதிவிட முடியாது. வெளியே நிற்பதற்கு அவர் ஒரு முகம் வரைந்திருந்தால், அது அவருடைய பேயாக மட்டுமே இருந்திருக்கும்.

இன்னொன்றும் ஆகியிருக்கும். சிதைந்த உருவம் ஒன்று வாசலில் நின்றதாக எழுதியிருந்தால், தகப்பன் நினைத்ததே சரி, தாய் ஏமாந்தாள் என்று கதை தீர்ப்புச் சொல்லியிருக்கும். ஜேக்கப்ஸ் அதைச் செய்யவில்லை. ஒரு நொடி முந்தித் தாழ்ப்பாள் கழன்றிருந்தால் வந்திருப்பான் என்று அந்தத் தாய் சாகும்வரை நம்பலாம். அவளோடு சேர்ந்து நம்ப, படிக்கிற இன்னொரு தாய்க்கும் இடம் இருக்கிறது.