பிறருடைய புனித நிலத்தில் பயணியின் கடமை

அமெரிக்காவின் கொலராடோ பீடபூமி, பாலைவனப் பள்ளத்தாக்குகளைக் காரில் சுற்றிப் பார்க்க விரும்புவோர் பெரிதும் நாடும் நிலப்பகுதி. யூட்டாவின் சயான் தேசியப் பூங்காவில் தொடங்கி, அரிசோனாவின் கிராண்ட் கேன்யன், பேஜ் நகரம், மான்யுமென்ட் வேலி என ஒரு வாரத்தில் சுற்றி வரலாம். திட்டமிடுவோர் தூரம், தங்குமிடம், குடிநீர், வெயில் எல்லாவற்றையும் கணக்கில் கொள்கிறார்கள். வழியிலுள்ள இடங்களில் பல ஹோப்பி, நவஹோ, பையூட், ஹவசுபாய் முதலிய தொல்குடி மக்களுக்குப் புனிதமானவை. அந்த நம்பிக்கை இல்லாத பயணிக்கும் அந்த இடங்களின் முன் கடமை உண்டா என்ற கேள்வியும் திட்டத்தில் இடம்பெற வேண்டியதே.

கிராண்ட் கேன்யன் 446 கிலோமீட்டர் நீளமும், ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் ஆழமும் கொண்டது. அதன் அடியில் 170 கோடி ஆண்டுகளுக்கும் பழைய பாறைகள் உள்ளன. 19ஆம் நூற்றாண்டில் அதை ஆராய்ந்த நிலவியலாளர் கிளாரன்ஸ் டட்டன், அங்கு ஓங்கி நிற்கும் பாறைக் குன்றுகளில் இரண்டுக்கு விஷ்ணு கோயில், சிவன் கோயில் என்று பெயரிட்டார். அவர் கோயிலைக் கண்டது பாறையின் வடிவில். ஹோப்பி மக்களுக்கோ அந்தப் பள்ளத்தாக்கு, தங்கள் முன்னோர் இந்த உலகத்துக்கு ஏறி வந்த வாயில்.

இந்த இரு பார்வைகளுக்கும் இடையிலுள்ள வேறுபாடு ஆழமானது. 1790இல் வெளியான தம் நூலில் இம்மானுவேல் கான்ட், பேருருவங்களைக் காணும்போது எழும் மாட்சிமை உணர்வு காண்பவரின் மனத்தைச் சேர்ந்ததே அன்றி இயற்கைப் பொருளைச் சேர்ந்ததன்று என்றார். வியப்பைத் தேடி வரும் பயணியின் அனுபவம் இதற்கு நெருக்கமானது. ஒரு மலை தராவிட்டால் இன்னொரு மலை அதைத் தரும். தொல்குடியினரின் சமயத்தில் புனிதம் இடத்திலேயே உறைகிறது. அந்த இடம் கெட்டால் அதற்கு மாற்று இல்லை.

யூட்டாவிலுள்ள ரெயின்போ பிரிட்ஜ் இந்தச் சிக்கலைத் தெளிவாகக் காட்டுகிறது. சுமார் 88 மீட்டர் உயரமுள்ள இந்த இயற்கைக் கல்வளைவு 1910இல் தேசிய நினைவுச்சின்னமானது. கிளென் கேன்யன் அணை கட்டப்பட்டபின் பவல் ஏரியின் நீர் வளைவின் அடிவரை எட்டியது. படகுகளில் கூட்டம் வந்தது. தங்கள் வழிபாடு குலைவதாக நவஹோ மக்கள் தொடுத்த வழக்கை 1980இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்கவில்லை. ஒரு சமயத்துக்காகப் பொது நிலத்தில் பிறரைத் தடுப்பது அரசு சமயச் சார்பு கொள்வதாகிவிடும் என்பது அதன் காரணங்களுள் ஒன்று. பின்னர், 1993இல் வகுத்த மேலாண்மைத் திட்டத்தின்படி, வளைவின் அருகிலோ அடியிலோ செல்ல வேண்டாம் என்று தேசியப் பூங்காச் சேவை பார்வையாளர்களைக் கேட்டுக்கொள்ளத் தொடங்கியது. அது வேண்டுகோள் மட்டுமே, சட்டத் தடை அன்று.

பொது நிலம் எல்லாருக்கும் உரியது, பிறர் நம்பிக்கை தன்னைக் கட்டுப்படுத்தாது என்று பயணி வாதிடலாம். சட்டத்தின் எல்லைக்குள் அந்த வாதம் சரி. ஆனால் உரிமை இருப்பதாலேயே ஒரு செயல் நற்செயல் ஆகிவிடாது. அந்த நிலம் பொதுவான விதமும் நினைவில் கொள்ளத்தக்கது. ஹவசுபாய் மக்கள் தங்கள் நிலத்தின் பெரும்பகுதியை இழந்தனர். சுமார் 1,85,000 ஏக்கர் 1975இல்தான் அவர்களிடம் திரும்பியது. வளைவின் அடியில் நடக்காத பயணி இழப்பது சில நிமிடக் காட்சியை. நடந்தால், அதைத் தெய்வமாகக் கருதுபவர்கள் இழப்பது அதைவிட மிகப் பெரிது. மரியாதை காட்ட நம்பிக்கை தேவையில்லை. பிறர் எதைப் புனிதமாகக் கொள்கிறார்கள் என்று அறிந்தால் போதும்.

பயணத் திட்டத்தில் இதற்குத் தெளிவான இடம் உண்டு. நவஹோ நிலத்திலுள்ள ஆன்டிலோப் கேன்யனுக்கு உரிமம் பெற்ற வழிகாட்டியுடன் மட்டுமே செல்ல முடியும். ஹவசு அருவிக்கு ஹவசுபாய் மக்களிடம் முன்பதிவு தேவை. சடங்குகளைப் படமெடுப்பதும், பாறை ஓவியங்களைத் தொடுவதும், மட்பாண்டத் துண்டுகளை எடுத்துச் செல்வதும் கூடாது. பாலையின் உயிருள்ள மேல்மண் ஒரு காலடியில் சிதைந்தாலும் மீளப் பல ஆண்டுகளாகும். ஆகவே பாதையை விட்டு விலகாமல் நடக்க வேண்டும். எங்கெங்கே போவது என்று முடிவு செய்வதோடு, எங்கே போகாமல் நிற்பது என்றும் புறப்படும் முன்பே முடிவு செய்வது பயணியின் கடமை.