யார் கையிலிருந்து வரும் காசு?

2022 ஜூலை 28 மாலை, சென்னை நேரு உள்விளையாட்டு அரங்கில் 44ஆவது செஸ் ஒலிம்பியாட் தொடங்கியது. மறுநாள் முதல் மாமல்லபுரத்தை ஒட்டிய பூஞ்சேரியில் ஆட்டங்கள். வேட்டி கட்டிய குதிரை 'தம்பி' எங்கள் செங்கல்பட்டு மாவட்டத்துச் சாலைகளில் கைகூப்பி நின்றது. அதே ஜூலை 28 அன்றுதான், பப்ஜியின் இந்திய வடிவமான பிஜிஎம்ஐ மத்திய அரசின் உத்தரவால் கூகுள், ஆப்பிள் இரண்டின் ஆப் கடைகளிலிருந்தும் மறைந்தது. 10 கோடிப் பேர் அதில் பதிவு செய்திருப்பதாக, அதை வெளியிட்ட க்ராஃப்டன் நிறுவனம் அந்த மாதம்தான் அறிவித்திருந்தது. திரும்பி வர அடுத்த ஆண்டு மே மாதம் ஆயிற்று.

ஓர் உத்தரவில் இப்படி மறைந்துவிடக்கூடிய தொழில்தான் என்றாலும், வீடியோ கேம் கம்பெனி ஷேர் வாங்கலாமா என்ற கேள்வியை என் முன்னால் வைத்தவன் அக்கா மகன். பரனூர் மகிந்திரா சிட்டியில் வேலை. என் ஓய்வுக்காலப் பணத்தில் ஒரு டெபாசிட் முதிர்ந்த நேரம். "எல்லாத்தையும் எஃப்டியிலயே போட்டு வெச்சா எப்படி மாமா? கேம் கம்பெனி ஷேர் கொஞ்சம் வாங்குங்க. வீட்டுக்கு வீடு ஆடுறாங்க" என்றான். அவன் சொன்ன பெயர் நசாரா டெக்னாலஜீஸ்.

அது 2021 மார்ச்சில் 1,101 ரூபாய்க்கு ஐபிஓ வந்து, மார்ச் 30 அன்று ஏறத்தாழ 1,990 ரூபாயில் சந்தையில் இறங்கிய பங்கு. அந்த ஐபிஓவில் திரண்ட 583 கோடி ரூபாயும் பழைய பங்குதாரர்கள் விற்ற பங்குக்கான விலை. கம்பெனியின் கையில் புதுக் காசு எதுவும் சேரவில்லை. எந்த ஐபிஓவிலும் இதை முதலில் பார்த்துவிடுவது நல்லது.

எனக்கு அந்தக் கம்பெனியில் பிடித்த பகுதி ஒன்று உண்டு. பையன்கள் கைப்பேசியில் ஆடும் 'வேர்ல்ட் கிரிக்கெட் சாம்பியன்ஷிப்' சென்னையில் உருவானது. செய்தது நெக்ஸ்ட்வேவ் மல்டிமீடியா என்ற சென்னை நிறுவனம். பின்னர் அதன் பெரும்பான்மைப் பங்கை நசாரா வாங்கியது. மட்டையின் வீச்சையும் பந்தின் திருப்பத்தையும் விலை குறைந்த போனிலும் ஓடும்படி எழுதிய மூளைகள் நம் ஊர் மூளைகள். அப்படிப்பட்ட வேலையில் என் பணமும் நிற்கட்டும் என்று மனம் சொல்லத்தான் செய்கிறது. சின்னக் குழந்தைகளுக்கான 'கிடோபியா'வும் அவர்களுடையதுதான். மாதச் சந்தா கட்டுகிறவர்கள் பெற்றோர்கள், பெரும்பாலும் அமெரிக்காவில். எதற்குக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்கிறார்கள்.

மனம் ஒப்பாத பகுதியும் அங்கேயே இருந்தது. 2024 செப்டம்பரில், போக்கர்பாசி என்ற பணம் வைத்தாடும் தளத்தை நடத்தும் மூன்ஷைன் நிறுவனத்தின் பாதிக்குச் சற்றுக் குறைந்த பங்கை வாங்க நசாரா ஒப்பந்தம் செய்தது. அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 20, 21 தேதிகளில் பணம் வைத்தாடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்யும் மசோதா நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் நிறைவேறி, 22 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் கிடைத்துவிட்டது. பங்கு விலை பலமாகச் சரிந்தது. அந்த முதலீட்டில் ஏறத்தாழ 900 கோடி ரூபாயைப் பின்னர் நஷ்டமாக எழுத வேண்டியதாயிற்று. நம் நாட்டில் மட்டும் இப்படி இல்லை. 2023 டிசம்பர் 22 அன்று சீனாவில் ஆன்லைன் கேம்கள் பற்றி ஒரு வரைவு விதி வெளியானதற்கே அந்நாட்டுக் கேம் நிறுவனமான டென்சென்டின் பங்கு ஒரே நாளில் 12 சதவீதம் இறங்கியது.

அந்த நஷ்டத்தை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. என்னை உறுத்துவது அந்தப் பணத்தின் ஊற்று. தமிழ்நாட்டில் ஆன்லைன் ரம்மியில் எல்லாவற்றையும் இழந்து உயிரை விட்டவர்களின் செய்தியை ஆண்டுக்கணக்கில் படித்தவர்கள் நாம். நீதிபதி சந்துரு குழு ஆராய்ந்து அறிக்கை தந்தது. சட்டமன்றம் இரண்டு முறை மசோதாவை நிறைவேற்றிய பிறகே 2023 ஏப்ரலில் சட்டம் வந்தது. அந்த நவம்பரில் உயர் நீதிமன்றம் ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் என்று சொல்லி, அவற்றுக்கான தடையை மட்டும் விலக்கியது. திறமை இருக்கலாம். ஆனால் யார் ஜெயித்தாலும் யார் தோற்றாலும் தளத்துக்குக் கமிஷன் உண்டு. தோற்றவன் விட்டதைப் பிடிக்கத் திரும்பி வர வர அந்தக் கமிஷன் வளரும். அந்த லாபத்தில் பங்கு வாங்கிக்கொண்டு, அப்படி உயிரை விட்டவன் வீட்டு அம்மாவின் எதிரில் என்னால் நிற்க முடியாது.

மாமல்லபுரம் கடற்கோயிலுக்கு வடக்கே குப்பத்து மணலில், மீன் ஏலம் முடிந்ததும் டீசல், ஐஸ் செலவைக் கழித்து மிச்சத்தைப் படகுக்கு, வலைக்கு, ஆளுக்கு என்று பிரிக்கிறார்கள். வாங்குகிற ஒவ்வொருவருக்கும் அந்த மீன் எந்த வலையில் ஏறியது என்று தெரியும். சுருக்குமடி வலை போட்டால் வரும்படி கூடும். குஞ்சும் குறுமீனும் சேர்ந்து வாரப்படும் என்பதால் அது வேண்டாம் என்று போராடுகிற மீனவர்கள் நிறைய; 2000ஆம் ஆண்டிலேயே அரசு அதைத் தடை செய்தது. டீமேட் கணக்கு வைத்திருக்கும் நமக்கும் எந்த வலை என்று கேட்கும் கடமை உண்டு.

போக்கர் போய்விட்டதே, இனி என்ன தயக்கம் என்கிறான் அக்கா மகன். தயக்கம் இருக்கிறது. இலவசமாகக் கிடைக்கும் கேம்களில் மிகப் பெரும்பாலோர் ஒரு ரூபாயும் செலவழிப்பதில்லை. விளம்பரம் போக, உள்ளே விற்கும் பொருள்களின் வருமானத்தை மிகச் சிறு பகுதியினரே தருகிறார்கள். அந்தச் சிலர் யார்? சம்பாதிக்கிற காசில் ஆசைக்கு வாங்குகிறவரா? அப்பாவின் யுபிஐ ரகசிய எண் தெரிந்த பன்னிரண்டு வயதுப் பிள்ளையா? லாபக் கணக்கில் இரண்டு பேருடைய காசும் ஒரே வரியில்தான் நிற்கிறது. இந்த வருமானம் எத்தனை பேரிடமிருந்து, எந்த வயதுக்காரரிடமிருந்து வந்தது என்று சொல்கிற கம்பெனி எனக்கு வேண்டும். அப்படிச் சொல்கிற கம்பெனியின் பங்கு விலை சற்று அதிகமானாலும் கொடுப்பேன்.

இப்போதைக்குப் பெரும்பகுதிப் பணம் செங்கல்பட்டு அஞ்சலகத்தில் மூத்த குடிமக்கள் திட்டத்துக்குப் போகிறது. கூடவே நசாராவில் ஒரே ஒரு பங்கு வாங்கப்போகிறேன். ஒரு பங்கு உள்ளவரும் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பேசலாம்; 2020-க்குப் பிறகு பல கம்பெனிகள் அதைக் காணொளியில் நடத்துவதால், பேசுகிறவராக முன்கூட்டியே பதிந்துகொண்டு வீட்டிலிருந்தே கேட்கலாம். கேட்க வேண்டியதைத் தாளில் எழுதி வைத்திருக்கிறேன்: உங்கள் கேம்களில் அதிகம் செலவழிக்கும் முதல் நூறு பேரில் எத்தனை பேர் பதினெட்டு வயதுக்குக் கீழே? ஒருவர் வரம்பு மீறிச் செலவழிக்கும்போது அவரை நிறுத்த நீங்கள் என்ன செய்கிறீர்கள்?