யார் சொல்லை நம்புவது?

நம்பத்தக்கவரின் சொல்லும் பிரமாணம், அதாவது அறிவு பெறும் வழி, என்கிறது நியாய தரிசனம். அந்த நம்பத்தக்கவர் யார் என்பதுதான் சிக்கல். வயர்லெஸ் சென்சார் வலையமைப்பைப் பாடமாக நடத்தும் எனக்கு, விடையின் ஒரு பகுதி கணக்கில் கிடைத்தது.

காட்டில் தீயைக் கண்காணிக்கும் சென்சார்களுக்கு பாட்டரி சொற்பம். அளந்ததையெல்லாம் அனுப்பக் கட்டுப்படியாகாது. 'உண்டு', 'இல்லை' என ஒரே பிட்டை அனுப்பும். அவற்றை மையம் எடைபோடும் விதியை 1986இல் சேர், வர்ஷ்னி இருவரும் தந்தார்கள். தீக்கு வாய்ப்பு சரிபாதி என்று வையுங்கள். நூற்றுக்கு 90 முறை சரியாகச் சொல்லும் சென்சார் 'உண்டு' என்கிறது. 60 முறை சரியாகச் சொல்லும் 5 சென்சார்கள் 'இல்லை' என்கின்றன. ஒன்றே வெல்லும். ஆறாவதும் எதிர்த்தால் தோற்கும்.

எந்நேரமும் 'உண்டு' என்றே சொல்லும் சென்சாருக்கு எடை பூஜ்யம். எப்போதும் தலைகீழாகச் சொல்வதோ முழுப் பயன் தரும். திருப்பிப் படித்துக்கொண்டால் போதும்.

ஆக, அறிவுக்குப் பெரிய இடைஞ்சல் பொய்யன் அல்ல, நடப்பதைப் பாராமலே பேசுபவன். இந்தக் கணக்குக்கும் ஒரு நிபந்தனை உண்டு: சாட்சிகள் தனித்தனியே பார்த்திருக்க வேண்டும். ஒருவரைக் கேட்டு ஆறு பேர் சொன்னால் அது ஒரே சாட்சி. தலைகளை எண்ணுமுன் இதை விசாரியுங்கள்.