ஏமாந்தவர் மீதா பழி?
இணைய ஏலமும் கொள்வோர் காப்பும்: ஓர் அறவியல் நோக்கு

“வாங்குபவனே, விழித்திரு” என்பது இலத்தீன் மொழியில் வழங்கிவரும் பழைய வணிக விதி. பொருளைக் கையிலெடுத்துத் தட்டியும் முகர்ந்தும் நிறுத்தும் பார்க்கக்கூடியவனுக்கு இவ்விதி ஓரளவு பொருந்தும். பதுளைச் சந்தையிலே பூசணிக்காய் வாங்குபவன் அதனைத் தட்டிப் பார்க்கின்றான். புடைவை வாங்குபவள் துணியை விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்க்கின்றாள். ஆயின், பொருளும் விற்பவனும் உடன் போட்டியிடுவோரும் ஒருசேர மறைந்து நிற்கும் இணைய ஏலத்தில் விழித்திருத்தல் என்பதன் பொருள் யாது? விழித்திருந்தும் ஒருவர் ஏமாற்றப்படின் பழி யாரைச் சாரும்? இவ்விரு வினாக்களையும் மலையக வாழ்வின் அனுபவத்தைத் துணைகொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வஞ்சனையின் மூன்று முகங்கள்

எடுத்துக்காட்டாக, பசறைப் பகுதித் தோட்டமொன்றின் லயத்தில் வாழும் ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்ப்போம். தாய் கொழுந்து பறிப்பவள். மகன் பல்கலைக்கழகம் புகுந்தவன். 2020ஆம் ஆண்டிலே கொள்ளைநோய் காரணமாக வகுப்புகள் இணையத்துக்கு மாறியதன் பின்னர், மடிக்கணினி மாணவனுக்கு ஆடம்பரப் பொருளாக இருக்கவில்லை. புதியது வாங்க வழியின்றிப் பழையதொன்றை அவன் இணைய ஏலத்திற் கேட்கின்றான். படத்திலே கணினி பளபளக்கின்றது. கீழே, ‘உள்ளது உள்ளபடி, சோதித்துப் பார்க்கப்படவில்லை’ என ஒரு சிறு வரி. ஏலம் முடியச் சில நிமிடங்கள் இருக்கையில் யாரோ ஒருவர் விலையை ஏற்றுகின்றார், இவனும் ஏற்றுகின்றான். வென்ற மகிழ்ச்சியோடு பணம் அனுப்பப்படுகின்றது. வந்து சேர்வதோ இயங்காத ஒரு பெட்டி. ஆயிரம் ரூபா நாட்சம்பளத்தை 2021ஆம் ஆண்டில் பெறுவதற்கே நெடுங்காலம் போராட வேண்டியிருந்த ஒரு சமூகத்தில், இவ்விழப்பு ரூபாவினால் மட்டும் அளக்கப்படுவதன்று; எத்தனை நாட் கொழுந்து என்றே அளக்கப்படும்.

இந்நிகழ்ச்சியில் வஞ்சனை மூன்று முகங்களோடு தோன்றக் காண்கிறோம். குறையை அறிந்தும் சொல்லாதிருத்தல் ஒன்று. அழகிய படத்தாலும் பொய்ப் புகழுரைகளாலும் இல்லாததை உள்ளதுபோற் காட்டுதல் மற்றொன்று. விலையை ஏற்றிவிடுவதற்கென்றே விற்பவன் தன் ஆளைக் கேள்வியாளருள் ஒருவனாக நிறுத்துதல் மூன்றாவது. பின்னைய இரண்டும் அறமன்று என்பதில் எவர்க்கும் ஐயமில்லை. முதலாவது பற்றியே மெய்யியலாளரிடையே வாதம் எழுந்துள்ளது.

மௌனம் பொய்யாகுமா?

உரோம நாட்டறிஞர் சிசரோ கி.மு. 44இல் எழுதிய ‘கடமைகள்’ என்னும் நூலின் மூன்றாம் பகுதியில் இவ்வினாவை எழுப்புகின்றார். ரோட்ஸ் தீவிலே பஞ்சம். அலெக்சாந்திரியாவிலிருந்து தானியத்தோடு வணிகனொருவன் முதலில் வந்து சேர்கின்றான். தனக்குப் பின்னால் வேறு பல கப்பல்களும் தானியத்தோடு வருகின்றன என்பதை அவன் அறிவான். அதனைச் சொன்னால் விலை விழும். சொல்லாவிடின் கொள்ளை இலாபம். அவன் சொல்ல வேண்டுமா? சட்டம் வேண்டுமளவு குறைகளைச் சொன்னாற் போதும், சொல்லாமை வேறு, மறைத்தல் வேறு என்பது தயோசெனீஸ் என்னும் அறிஞர் கட்சி. விற்பவன் அறிந்த யாவற்றையும் வாங்குபவனும் அறிதல் வேண்டும் என்பது அவர்தம் மாணவர் அந்திபாத்தரின் கட்சி. சிசரோ மாணவர் பக்கமே நிற்கின்றார். பிறர் அறிவது அவர்க்கு நலமாயிருக்க, தன் ஆதாயம் கருதி அவரை அறியாமையில் வைத்திருத்தல் நேர்மையாளர் செயலன்று என்பது அவர் முடிபு.

அதே நூலில் மற்றுமொரு கதையும் உண்டு. சிரகூசு நகருக்கு ஓய்வுக்காக வந்த கானியசு என்பார் அங்கே ஒரு தோட்டம் வாங்க விரும்புகின்றார். பிதியசு என்னும் வட்டிக்கடைக்காரன் அவரைத் தன் தோட்டத்துக்கு விருந்துக்கு அழைக்கின்றான். அதற்கு முன்பே மீனவர்களைக் கூட்டித் தோட்டத்தின் எதிரே மீன்பிடிக்குமாறு சொல்லி வைக்கின்றான். விருந்து வேளையில் தோட்டத்தின் முன்னே படகுகள் குவிகின்றன. மீன்கள் காலடியில் வந்து விழுகின்றன. மயங்கிய கானியசு கேட்ட விலையைக் கொடுத்துத் தோட்டத்தை வாங்குகின்றார். மறுநாள் அங்கே ஒரு துடுப்புக்கூட இல்லை. இன்று மீனவர்க்கு விடுமுறையோ என்று அயலவனைக் கேட்க, இங்கே எவரும் மீன்பிடிப்பதில்லையே, நேற்று வந்த கூட்டத்தைக் கண்டு நானும் வியந்தேன் என்கின்றான் அவன்.

இணையத்திலே கூலிக்கு எழுதப்படும் புகழுரைகளும், விலையேற்ற நிறுத்தப்படும் போலிக் கேள்வியாளரும் பிதியசின் படகுகளே அன்றி வேறல்ல. கருவி புதிது, சூது பழையது. கானியசைப் பேராசைக்காரர் என்று நாம் நகைக்கலாம். ஆயின் அவர் தம் கண்ணால் கண்டதையே நம்பினார் என்பதும் மறத்தற்பாலதன்று. கண்ணே சாட்சியாக இருந்தபோதும் ஏமாற்றப்படலாமெனின், ‘விழித்திரு’ என்னும் அறிவுரை தன்னளவிற் போதாது என்பது பெறப்படும்.

கொழும்பு ஏலம் தரும் பாடம்

அறிவுரைக்கு மேலாக வேண்டப்படுவது யாது? விடை நம் மலைகளிலிருந்து இறங்கிச் செல்லும் தேயிலையிலேயே உண்டு. மேற்சொன்ன தாய் பறிக்கும் கொழுந்து தேயிலைத்தூளாகிப் பெரும்பாலும் கொழும்பு ஏலத்துக்கே செல்கின்றது. அவ்வேலம் 1883ஆம் ஆண்டு யூலை 30ஆம் நாள் தொடங்கியது. அங்கே வாங்குவோர் பெரும் வணிகர். ஏமாற்றத்தைத் தாங்கும் வலுவுள்ளோர். இருந்தும் அவர்கள் வெறும் நம்பிக்கையை நம்பி வாங்குவதில்லை. தூளின் தரமும் தோட்டத்தின் பெயரும் அளவும் குறித்த பட்டியல் முன்கூட்டியே வெளிவருகின்றது. ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் எடுக்கப்பட்ட மாதிரி அவர்களைச் சென்றடைகின்றது. அவர்தம் சுவைஞர்கள் அதனை ஊற்றிச் சுவைத்த பின்னரே விலை தீர்மானிக்கின்றனர். விற்பவருக்கும் வாங்குபவருக்கும் இடையே, தம் பெயரைக் காக்க வேண்டிய தரகர்கள் நிற்கின்றனர். யூலை தொடக்கம் செப்டெம்பர் வரையான வரண்ட காற்றிலே ஊவாத் தேயிலைக்கு வாய்க்கும் தனிமணம் உலகறிந்தது. ஆனால் ஊவா என்ற பெயருக்காக மட்டும் எவரும் கண்ணை மூடி விலை சொல்வதில்லை. அவ்வப் பருவத்து மாதிரியே பேசுகின்றது.

2020ஆம் ஆண்டு ஏப்பிரலில் ஊரடங்கு வேளையில் இவ்வேலம் மண்டபத்தை விட்டு இணையத்துக்கு மாறியது. ஏலக் குரல் நின்றது, திரை வந்தது. ஆனால் மாதிரியும் பட்டியலும் சுவைஞரின் நாவும் அகலவில்லை. இதனால் அறியக்கிடப்பது யாதெனில், இணையமே வஞ்சனைக்குக் காரணமன்று. காப்பு முறைகள் இன்றி இணையத்துக்குட் செல்வதே ஆபத்து. பெருவணிகர் நூற்றாண்டுக்கு மேலாகத் தமக்கென அமைத்துக்கொண்ட காப்பு, கொழுந்து பறித்தவள் தன் மகனுக்குக் கணினி வாங்கும்போது அவளுக்கு இல்லை. வலியோன் மாதிரி பார்த்து வாங்குகின்றான். எளியோள் படம் பார்த்து வாங்குகின்றாள். இவ்வேறுபாடே இங்கு அறவியற் பிரச்சினையாகும்.

கொள்வோர் செய்யத்தக்கவை

அமைப்புகள் செம்மையுறும் வரை கைகட்டி இருத்தல் இயலாது. தன் உழைப்பைக் காத்தல் தன் குடும்பத்துக்கு ஒருவர் செய்யும் கடமை. தேயிலை ஏலத்தின் முறைகளையே சிறிய அளவில் நாமும் கைக்கொள்ளலாம்.

முதலாவது, மாதிரி கேட்டல். பொருள் இயங்கும் நிலையில், அன்றைய நாட்குறிப்புடன், புதிய படமோ காணொளியோ கேட்க வேண்டும். ‘இதில் நீங்கள் அறிந்த குறை யாது?’ என எழுத்திற் கேட்டு, விடையைப் பேணி வைக்க வேண்டும். மௌனத்துக்குப் பின்னால் மறைபவன் நேர்க் கேள்வியின் முன் மெய்யோ பொய்யோ சொல்லியே ஆக வேண்டும். பொய் எழுத்தில் இருப்பின் அது சான்றாகும். ‘சோதிக்கப்படவில்லை’ என்பதைப் ‘பழுதானது’ என்றே படித்தல் நன்று.

இரண்டாவது, பெயரை ஆராய்தல். 1995இல் தொடங்கிய ஈபே ஏலத்தளம் விற்பவரையும் வாங்குபவரையும் ஒருவரையொருவர் மதிப்பிடச் செய்தது. குறை சொன்னால் பதிலுக்குத் தமக்கும் குறை எழுதப்படுமோ என அஞ்சி வாங்குவோர் வாய்மூடினர். ஆதலின் 2008இல் விற்பவர் வாங்குபவருக்கு எதிர்மதிப்பீடு இடுதல் நிறுத்தப்பட்டது. புகழுரை பலவாயிருத்தல் மட்டும் சான்றாகாது என்பதற்கு இதுவே போதும். குறை எழுதியோர் யாது எழுதினர், விற்பவர் எவ்வகைப் பொருளை எத்தனை காலமாக விற்றார் என்பனவே நோக்கற்பாலன. மலிவான சிறு பொருள்களால் நற்பெயர் ஈட்டி, விலையுயர்ந்த ஒன்றில் ஏமாற்றுவோரும் உளர்.

மூன்றாவது, விலைக்கு எல்லை வகுத்தல். ஏலம் தொடங்குமுன் உச்ச விலையைத் தாளில் எழுதி வைத்து அதற்குமேற் செல்லாதவனை எந்தப் போலிக் கேள்வியாளனும் அசைக்க முடியாது. கடைசி நிமிடத்தில் நம்மை வெல்வது பெரும்பாலும் பொருளின் தேவையன்று; தோற்கக்கூடாது என்னும் செருக்கே.

நான்காவது, பணத்தை நடுவர் கைவழியாகச் செலுத்துதல். ஏலத்தளத்துக்கு வெளியே, தனியார் வங்கிக் கணக்குக்கு நேரே அனுப்பினால் விலை குறையும் என்பவர் கூற்று, காப்பினைக் களைந்துவிட்டு வா என்பதற்கு ஒப்பாகும். பொதியைத் திறக்குமுன் வாசலிற் பணம் பெறும் முறையும் பொதி வந்ததென்பதற்கே உறுதி. உள்ளே யாது உளது என்பதற்கன்று. பொதியைத் திறக்கும்போதே காணொளி எடுத்தலும், குறை கண்டவுடன் உரிய காலத்துள் முறையிடுதலும் இன்றியமையாதன.

பழியும் வெட்கமும்

இத்தனையும் செய்த பின்னரும் ஒருவர் ஏமாற்றப்படலாம். அவ்வேளை நம் சமூகம் அவரிடம் கேட்கும் முதற் கேள்வி ‘உனக்கு அறிவில்லையா?’ என்பதே. படித்த பிள்ளையும் ஏமாந்தானே என்னும் ஏளனத்துக்கு அஞ்சி மகன் தாயிடம் மறைக்கின்றான். தாய் அயலாரிடம் மறைக்கின்றாள். முறைப்பாடு எழுதப்படாமலே போகின்றது. முறையிடப் போகும் ஒரு நாள் ஒரு நாட்சம்பளத்தை விழுங்கிவிடும் என்பதும் உண்மை. இவ்வாறு ஏமாந்தவரின் வெட்கம் ஏமாற்றியவனின் அரணாகி, அடுத்தவரை ஏமாற்ற அவனுக்கு வழி திறந்து விடுகின்றது.

சட்டம்கூட இவ்வளவு கடுமையானதன்று. 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம், அறிவித்தலின்றி விற்பவன் தானே ஏலத்தில் விலை கேட்பதையும் ஆள்வைத்துக் கேட்பதையும் மோசடியாகக் கொள்ள இடமளிக்கின்றது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தால் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபை நிறுவப்பட்டது. வாங்குபவனின் கவனக்குறைவு விற்பவனின் பொய்யைத் தூய்மைப்படுத்தாது என்பதே இவற்றின் அடிப்படை. கதவைப் பூட்டாதவன் கவனமற்றவன். திருடன் அதனால் நல்லவனாகிவிடமாட்டான்.

தோட்டத் தொழிலாளர் இதனை நன்கறிவர். கொழுந்து நிறுக்குமிடத்தில் ஈரத்துக்கும் சாக்குக்குமெனக் கிலோக்கள் கழிக்கப்படுவதை அவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கண்டு வந்தவர்கள். தராசின் முன் தனித்து நின்றவள் தோற்றாள். சேர்ந்து நின்று கேட்டபோதே தராசின் முள் கவனிக்கப்பட்டது. அவளை எவரும் ‘உனக்கு நிறுவை தெரியவில்லை’ என்று பழிக்கவில்லை. இணையத் தராசின் முன் நிற்பவர்க்கும் அதே நீதி உரியதன்றோ?

முடிவுரை

பொருளாதார அறிஞர் அக்கலொவ் 1970இல் எழுதிய கட்டுரையொன்றில், பொருளின் தரத்தை விற்பவன் மட்டுமே அறிந்த சந்தையில் தீயன நல்லனவற்றைத் துரத்திவிடும் என நிறுவினார். நேர்மையான விற்பனையாளனும் அங்கு நம்பப்படான். ஆதலின் வஞ்சகன் கெடுப்பது ஒருவரின் பணத்தை மட்டுமன்று, எல்லோர்க்கும் பொதுவான நம்பிக்கையையுமாகும். இதற்கு மருந்து எவரையும் நம்பாமை அன்று. சோதித்து நம்புதலும், ஏமாந்ததைத் துணிந்து சொல்லுதலுமாகும்.

பல்கலைக்கழகம் புகுந்த மலையக மாணவர் பலர் தம் லயத்தில் இணையத்தை முதலில் கையாண்டவர்கள். அடுத்த வீட்டார் கைத்தொலைபேசியைக் கொண்டு வந்து ‘இதை வாங்கலாமா, தம்பி?’ என்று கேட்கும்போது, அவர்களுக்கு மாதிரி பார்த்துக் கொடுக்கும் சுவைஞராக நாம் இருக்கலாம். அவர்கள் ஏமாந்து வந்து நிற்கும்போது, ‘உனக்கு அறிவில்லையா?’ என்று கேளாமல், முறைப்பாட்டை எழுத உடன் உட்காரலாம். விழித்திருத்தல் வாங்குபவனின் கடமையெனின், அவன் தனித்து விழித்திருக்க விடாமை நம் கடமையாகும்.