கூடப் படித்தவனின் ஹக்கு

 



பிளஸ் டூ பரீட்சை முடிவு வந்து, கல்லூரிச் சேர்க்கை நடக்கும் மாதங்களில் நம் வீடுகளில் துஆக்கள் பெருகுகின்றன. நல்லதுதான். ஆனால் அதே மாதங்களில் உள்ளத்தில் வேறொன்றும் சத்தமில்லாமல் வளர்கிறது. அதைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன்.

சென்ற ஆண்டு, வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் செல்லும் சாலையில், சேரப்பணஞ்சேரிப் பக்கம் ஒரு நிக்காஹ்வுக்குப் போயிருந்தேன். விருந்து முடிந்ததும் ஒரு தகப்பனார் என்னைத் தனியே அழைத்தார். "ஹஜ்ரத், என் மகன் பத்து நாளாகச் சரியாகச் சாப்பிடுவதில்லை, தூங்குவதில்லை. இன்ஜினீயரிங் இடம் கிடைத்துவிட்டது. யார் கண் பட்டதோ தெரியவில்லை. கொஞ்சம் தண்ணீர் ஓதிக் கொடுங்கள்" என்றார்.

பையனை அருகில் உட்கார வைத்தேன். தகப்பனார் எழுந்து போன பிறகுதான் அவன் வாய் திறந்தான். கண்ணேறு ஒன்றும் இல்லை. அவனுக்குப் பக்கத்து வீட்டில் ஒரு தோழன். மாற்று மதத்துப் பிள்ளை. ஒன்றாம் வகுப்பிலிருந்து இருவரும் ஒரே பெஞ்சு. இருவரும் இன்ஜினீயரிங் கவுன்சலிங்குக்கு விண்ணப்பித்தார்கள். எந்தெந்தச் சான்றிதழ் வேண்டும் என்று தோழன் கேட்டிருக்கிறான். "மார்க் ஷீட்டும் சாதிச் சான்றிதழும் போதும்" என்று இவன் சொல்லிவிட்டான். முதல் பட்டதாரிச் சான்றிதழ் ஒன்று உண்டு என்பது இவனுக்குத் தெரியும். தனக்கு வாங்கி வைத்துமிருந்தான்.

சகோதரர்களே! குடும்பத்தில் இதுவரை எவரும் பட்டம் பெறாதிருந்து, முதன்முதலாகப் படிக்கப் போகும் பிள்ளைக்குக் கல்விக் கட்டணத்தில் சலுகை தரும் திட்டம் தமிழகத்தில் 2010-ஆம் ஆண்டு தொடங்கியது. கவுன்சலிங் வழியாக இன்ஜினீயரிங்கில் சேரும் பிள்ளைக்கு ஆண்டுக்கு 25,000 ரூபாய் வரை குறையும். தோழனின் தகப்பனார் ஒரகடத்தில் ஒப்பந்தக் கூலி. தோழனுக்கும் கல்லூரி கிடைத்தது, சலுகைதான் கிடைக்கவில்லை. அந்த அம்மா காதில் கிடந்ததைக் கழற்றிப் பணம் கட்டியதை இவன் தன் வீட்டு ஜன்னல் வழியே பார்த்திருக்கிறான். அன்றிலிருந்துதான் சோறு இறங்கவில்லை.

"ஏன் மறைத்தாய், தம்பி?" என்று கேட்டேன். "அவன் மார்க் என்னைவிட ஒன்றரை அதிகம், ஹஜ்ரத். என் அத்தா தினமும் அதையே சொல்லிக் காட்டினார்" என்றான்.

இந்த ஒன்றரை மார்க்கை நாம் சற்று நிறுத்துப் பார்ப்போம். கணக்குக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று 200-க்குக் கட்-ஆஃப் போடுகிறார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள். அவர்களில் ஒருவனைத் தடுக்கி விழ வைத்தால் நீ எத்தனை படி ஏறுவாய்? ஒரே ஒரு படி! அந்த ஒரு படிக்காகப் பன்னிரண்டு ஆண்டு நட்பை விற்கலாமா? மேலும், எல்லா மார்க்கிலும் இருவர் சமமாக நின்றால் கடைசியில் சமவாய்ப்பு எண் என்ற ஒன்றைக் கொண்டு யார் முன் என்று முடிவு செய்கிறார்கள். மனிதனின் முயற்சி முடிகிற இடத்தில் நாட்டம் யாருடையது என்பதை முஃமினுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

வேலையின் கதையும் அதுதான். ஸ்ரீபெரும்புதூரில் 2006-இல் நோக்கியா தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியபோது, ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இனி நம் பிழைப்புக்குக் குறைவில்லை என்று நம்பின. 2014-இல் அது மூடப்பட்டது. ரிஜ்க் தருபவன் ரப்புல் ஆலமீன். கல்லூரியும் கம்பெனியும் அது வந்து சேரும் பாதைகளே தவிர வேறில்லை.

அப்படியானால் போட்டியே கூடாதா? கூடும்! பாங்கு சொல்வதிலும் தொழுகையின் முதல் ஸஃப்பிலும் உள்ள நன்மை மக்களுக்குத் தெரிந்திருந்தால், சீட்டுக் குலுக்கியாவது அதை அடையப் பார்ப்பார்கள் என்று நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னதாக புகாரீயில் வருகிறது. தோழனுக்குக் கிடைத்தது எனக்கும் கிடைக்க வேண்டும் என்று ஆசைப்படுவதை உலமாக்கள் 'கிப்தா' என்பார்கள். அது ஆகுமானது. அவனுக்குக் கிடைத்தது அவனை விட்டுப் போக வேண்டும் என்று நினைப்பது 'ஹஸது'. அது ஹராம். இரண்டுக்கும் நடுவே ஒரு மயிரிழைதான் இடைவெளி. பெற்றோர் வாயிலிருந்து வரும் ஒரு சொல் பிள்ளையை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் தள்ளிவிடும். "அவனைப் பார், நீயும் இருக்கிறாயே!" என்று சோற்றுத் தட்டின் முன் சொல்லும் தகப்பன்மார் இதைச் சிந்திக்க வேண்டும்.

ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள் மதீனாவின் மேட்டுப் பகுதியில் குடியிருந்தார்கள். அன்ஸாரித் தோழர் ஒருவர் அவர்களுக்குப் பக்கத்து வீட்டுக்காரர். பிழைப்பையும் பார்க்க வேண்டும், நபிகளாரின் சபையையும் விடக் கூடாது. எனவே இருவரும் முறை வைத்துக் கொண்டார்கள். ஒரு நாள் இவர் போவார். மறு நாள் அவர் போவார். போனவர் அன்று இறங்கிய வஹீயையும் கேட்ட செய்திகளையும் திரும்பி வந்து மற்றவருக்குச் சொல்லிவிடுவார். நன்மையில் பிறரை முந்தத் துடித்தவர் உமர் (ரலி). ஆனாலும் தாம் கேட்டதை அண்டை வீட்டுத் தோழருக்கு மறைத்து முந்த வேண்டும் என்று அவர் நினைக்கவில்லை. நான் மதரஸாவில் ஓதிய காலத்திலும், இரவில் 'தக்ரார்' என்று கூடி உட்கார்ந்து, விளங்கியவன் விளங்காதவனுக்குப் பாடத்தைத் திருப்பிச் சொல்வான். சொன்னவனுக்குத்தான் பாடம் முதலில் மனதில் பதிந்தது.

அந்தப் பையன் விஷயம் தெரிய வந்ததும், அங்கிருந்த உறவினர் ஒருவர், "அவன் நம்ம பிள்ளையா என்ன? விடுங்கள் ஹஜ்ரத்" என்றார். எனக்கு வருத்தமாகிவிட்டது. ஹிஜ்ரத்துடைய இரவை நினைத்துப் பாருங்கள். உயிருக்கே உலை வைத்த மக்கத்துக் குறைஷிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் ஒப்படைத்து வைத்திருந்த பொருள்களைத் திருப்பிக் கொடுப்பதற்காக, ஹஜ்ரத் அலி (ரலி) அவர்கள் மக்காவில் நிறுத்தப்பட்டார்களே! அமானிதத்துக்கு மதம் பார்க்க நமக்கு யார் அனுமதி தந்தது? யோசனை கேட்கப்பட்டவர் அமானிதம் ஒப்படைக்கப்பட்டவர் என்பதும் நபிமொழிதான். தோழன் கேட்ட கேள்வியும் ஓர் அமானிதமே.

பையனிடம் சொன்னேன்: "தம்பி, தண்ணீர் ஓதிக் குடித்து இது தீராது. அல்லாஹ்வுடைய ஹக்கில் செய்த குற்றத்துக்கு அவனிடம் தவ்பாச் செய்தால் மன்னிப்பான். அடியானுடைய ஹக்கை அடியான்தான் மன்னிக்க வேண்டும். போய் உள்ளதைச் சொல்." தகப்பனாரிடமும் சொன்னேன்: "ஈடு கொடுப்பது கடமையா என்ற மஸ்அலாவுக்குள் நான் போகவில்லை. அந்த வீட்டு நகை எதற்காகக் கழன்றது என்பது இப்போது உங்களுக்குத் தெரியும்."

சில மாதங்களுக்குப் பின் அவர் போன் செய்தார். மகன் அன்று மஃக்ரிபுக்குப் பிறகு போய்ச் சொல்லிவிட்டானாம். தோழன் ஒரு வார்த்தையும் பேசாமல் கதவைச் சாத்திக்கொண்டானாம். இவர் தம் போனஸ் பணத்தை அந்த அம்மாவிடம் கொண்டு போய்க் கொடுத்திருக்கிறார். வெகு நாள் கழித்து, ஒரு நாள் காலை பஸ் நிறுத்தத்தில் தோழனே வந்து பக்கத்தில் நின்றானாம். "பழையபடி இல்லை ஹஜ்ரத். ஆனால் மகன் இப்போது சாப்பிடுகிறான்" என்றார்.

பெற்றோர்களே! இவ்வாண்டு உங்கள் பிள்ளையிடம் எத்தனை மார்க் என்று கேட்கும் அதே நாளில், "உன் தோழன் விண்ணப்பம் போட்டுவிட்டானா? கடைசித் தேதி அவனுக்குத் தெரியுமா?" என்றும் கேளுங்கள்.

யா அல்லாஹ்! எங்கள் பிள்ளைகளுக்குப் பயன் தரும் கல்வியையும், பிறர் உயர்வு கண்டு சுருங்காத உள்ளத்தையும் தந்தருள்வாயாக! ஆமீன்.