புள்ளும் உயிரும்

நாட்டுப்புறத்து ஏரிக்கரையில் நின்று புட்களை நோக்குவார்க்கு அவை அரும்பொருள் பலவற்றை உணர்த்தும் அடையாளங்களாய்த் தோன்றும். அவ்வளவில் அமைதல் தகுமோ, அப்புட்களின்பால் நமக்குக் கடப்பாடும் உண்டோ என்பது ஈண்டு ஆராயப்படும்.

உடம்பிற்கும் உயிர்க்கும் உள்ள நட்பிற்குக் குடம்பையையும் புள்ளையும் உவமை கூறினார் திருவள்ளுவர். குடம்பை என்பதற்குக் கூடு எனப் பொருள் கொள்வாரை மறுத்து, முட்டை என உரைத்தார் பரிமேலழகர். கூடு புள்ளோடு உடன் தோன்றுவதன்று. பறந்துசென்ற புள் அதனுள் மீண்டும் புகும். முட்டையோ உடன் தோன்றுவது. குஞ்சு வெளிப்பட்டபின் அதனுட் புகுதல் இல்லை. விட்ட உடம்பிற்கு மீளாத உயிர்க்கு இதுவே ஏற்ற உவமை. புள்ளின் வாழ்வை உள்ளவாறு நோக்கியவழியே அதன் குறிப்பும் உள்ளவாறு விளங்கும் என்பது இதனாற் பெறப்படும்.

இனி, புள் தானும் ஓர் உயிரேயாம். எழுவகைப் பிறப்பினுள் பறவையும் எண்ணப்பட்டது. வினைக்கீடாக இறைவன் கூட்டிய உடம்பில் நின்று இன்பதுன்பம் நுகரும் பசு என்னும் முறையில் அதுவும் நாமும் ஓரினமே. நாரை முத்தி பெற்றதும் கரிக்குருவி உபதேசம் பெற்றதும் திருவிளையாடற் புராணத்துட் காண்க. சடாயு வழிபட்ட தலம் புள்ளிருக்குவேளூர்.

அற்றேல், வீடுபேற்றிற்கு உரியது மானிடப் பிறவியன்றோ, புள்ளை ஓம்புதலால் ஆன்மலாபம் யாது எனின், கூறுதும். அறியும் ஆற்றல் மிக்க உயிர்க்கே கடப்பாடும் மிகும். உயர்பிறவி எய்தியும் அருளிலனாயின் அவ்வுயர்வாற் பயனில்லை.

இதற்குச் செங்கற்பட்டு மாவட்டத்தே இரண்டு சான்றுகள் உள. திருக்கழுக்குன்றத்து மலைமீது நண்பகலில் கழுகு இரண்டு வந்து அமுதுண்டு செல்லுதல் நெடுங்கால வழக்கு. 1990-களின் இறுதியோடு அவ்வரவு நின்றது. அவ்விரண்டிற்கும் நேர்ந்தது யாதாயினும், அக்காலத்து இந்நாட்டிற் பாறு இனங்கள் பெரிதும் அழிந்தமை யாவரும் அறிந்தது. கால்நடைகளின் நோவு தணிக்கக் கொடுத்த டைக்ளோபீனாக் என்னும் மருந்து, இறந்த மாட்டின் ஊன்வழியே உட்புகுந்து பாறுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்தமையை ஆராய்ச்சியாளர் 2004-இல் வெளியிட்டனர். 2006-இல் அம்மருந்தைக் கால்நடைக்கு வழங்குதல் தடுக்கப்பட்டது. மாட்டின்மேற் கொண்ட இரக்கம் பாறுக்கு நஞ்சாயிற்று. இரக்கம் தீதன்று, பின்விளைவு அறியாத இரக்கம் குறையுடைத்து. கழுகு இன்று ஊர்ப்பெயரில் உளது, மலையில் இல்லை.

வேடந்தாங்கல் உழவரோ, ஏரியிலுள்ள மரங்களிற் கூடு கட்டும் நத்தைகுத்தி நாரை, நீர்க்காகம் முதலியவற்றைத் தலைமுறை தலைமுறையாகக் காத்துவருவர். தீபாவளியிலும் வெடி கொளுத்தார். புட்களின் எச்சம் கலந்த ஏரிநீர் அவர்தம் வயலுக்கு உரமாகும். தம் பயன் கருதிச் செய்ததாகலின் இஃது அறமாகாது என்பாரும் உளர். ஒருவர் பயனும் பிற உயிரின் நலனும் ஒருங்கே விளையும் செயலை விலக்குதற்கு நூல் யாண்டும் இல்லை. அன்றியும், திருவிழா மகிழ்ச்சியைக் கூட்டிலுள்ள குஞ்சின்பொருட்டுச் சுருக்கிக்கொள்ளுதல் ஆதாயக் கணக்கில் அடங்குமோ?

ஆகலின், புள்ளைக் கண்டு தத்துவம் உணர்வார் அப்புள் வாழும் மரத்தையும் நீரையும் உணவையும் உடன் நோக்குக. உவமை கூறுதற்கு ஒரு புள்ளை வேண்டுவோம். அது வாழ்தற்கு நம்மை வேண்டும் காலம் இது.